பிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம், "மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் ஒரு பிங் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு மணிக்கு என் இருக்கைக்கு வந்து, "எந்த ஐபிக்குப் பண்ணணும் அண்ணா?" என்று கேட்டாள். ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கணினியின் முகவரி எண். கேட்டது நியாயமான கேள்விதான். கணினியைத் தட்டிக் கேட்பதும் பிங், ஆளுக்குச் செய்தி அனுப்புவதும் பிங். அந்த ஒரு சொல்லைப் பற்றி அவளும் மற்றவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

பிங் என்றால் முதலில் என்ன பொருள்?

ஒரு சத்தம், அவ்வளவுதான். கெட்டியான ஒன்றின் மேல் சின்னதும் கெட்டியுமான இன்னொன்று பட்டுத் தெறிக்கும்போது வரும் குறுகிய, கூர்மையான, லேசாக ரீங்கரிக்கும் ஒலி. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குண்டு ஏதாவது ஒன்றில் பட்டுத் தெறிக்கும் சத்தத்துக்கு இதைச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி டம்ளரின் விளிம்பைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள், அதுதான் பிங். இன்றைக்கு இருக்கும் மற்ற எல்லாப் பொருளும் இந்தச் சத்தத்திலிருந்து கிளைத்தவை.

ஏன் "பிங்"? "பாங்", "பூங்" என்று ஏன் இல்லை?

"இ" சொல்லும்போது நாக்கு மேலே எழும்பி வாய்க்குள் இடம் குறுகிவிடுகிறது, ஒலியும் மெலிந்து உயர்கிறது. "ஆ" சொல்லும்போது வாய் திறக்கிறது, ஒலி அகலமாகிறது. சின்னப் பொருளின் சத்தத்துக்கு "இ" வருவதும் பெரிய பொருளின் சத்தத்துக்கு "ஆ", "ஓ" வருவதும் பல மொழிகளில் காணப்படும் போக்கு. நம்மிடமும் சின்ன மணி "கிணிகிணி" என்கிறது, கோயில் மணி "டாண் டாண்" என்கிறது. கடைசியில் வரும் "ங்" தான் ரீங்காரம். அதை எடுத்துவிட்டு "பிக்" என்று சொல்லிப் பாருங்கள், சத்தம் பட்டென்று செத்துவிடும்.

இரண்டும் சேர்ந்து வந்தால் "இ" தான் முன்னால் நிற்கும். பிங்-பாங், டிங்-டாங், டிக்-டாக் எல்லாம் அப்படித்தான். பாங்-பிங் என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் இதற்கு ஈடான சொல் உண்டா?

ஒன்றல்ல, பல உண்டு. இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் ஊர்ச் சந்தையில் அம்மா பானை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பானையை இடது கையில் ஏந்திக்கொள்வார். அடியை உள்ளங்கை முழுதாகப் பிடிக்காது, விரல் நுனிகள்தான் தாங்கும். அழுத்திப் பிடித்தால் சத்தம் அமுங்கிவிடும் என்பார். வலது கை ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால் வயிற்றுப் பக்கம் ஒரு தட்டு. "கிண்" என்று வந்தால் பானையைக் கொஞ்சம் சுழற்றி இன்னொரு தட்டு. "பொத்" என்றோ, "கர்" என்று ஓர் ஓரத்தில் அதிர்ந்தோ வந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடுகிறது என்று பொருள். பேசாமல் கீழே வைத்துவிடுவார். கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். மானாமதுரைக் கடத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் முதலில் சொல்வது அதன் "கணீர்" ஒலியைத்தான்.

கணீர், கிண், ணங், டங், டணார் என்று நம் காதில் இருக்கும் வகைகளுக்குக் கணக்கில்லை. தேங்காயைத் தட்டினால் ஒன்று, பித்தளைக் குடத்தைத் தட்டினால் ஒன்று. கண்ணாடி டம்ளருக்குக் "கிணுங்" சரியாக இருக்கும். காலில் கட்டும் கிண்கிணி, தன் சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்ட அணிகலன். ஆகவே சத்தம் என்ற பொருளில் ஆங்கிலத்தின் "பிங்" நமக்குத் தேவையே இல்லை. ஆனால் தட்டி, பதில் சத்தத்தைக் கேட்டு, அதை வைத்து ஒன்றைத் தெரிந்துகொள்வது என்ற பொருளில் அது வேறு இடத்துக்குப் போய்விட்டது. அம்மா பானையிடம் செய்ததும் அந்த வேலைதான், நாம் அதற்கென்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லை.

"பிங் பிங்", "பிங்-பாங்" எல்லாம் இரட்டைக்கிளவியா?

இல்லை. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்கிறது தொல்காப்பியம். சலசல என்பதில் ஒரு "சல"வை மட்டும் எடுத்தால் பொருள் இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் சொல். பிங் தனியாகவே நிற்கும், தனியாகவே பொருள் தரும். அது "கணீர்", "பளார்" வரிசையில் சேர்வது. அந்த வரிசைச் சொற்களுக்குத் தமிழ் "என்று" சேர்த்து வேலை வாங்கும். கணீரென்று ஒலித்தது, பளாரென்று அறைந்தான் என்பதுபோல "பிங்கென்று ஒரு சத்தம்" என்று எழுதினால் அந்நியமாகத் தெரியவே தெரியாது. எழுதிப் பாருங்கள்.

கடலுக்கடியில் பிங் என்பது என்ன?

ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தண்ணீருக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சோனார் என்ற கருவி அனுப்பும் ஒலித்துடிப்பு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேட இதைப் பயன்படுத்தின. அன்றைக்கு அதை ஆஸ்டிக் என்றார்கள். கப்பலின் அடியிலிருந்து ஒரு பிங் கிளம்பும். எதிரே நீர்மூழ்கி இருந்தால் அதன் உடம்பில் பட்டு மெல்லிய எதிரொலி திரும்பி வரும். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். பிங் கிளம்பி 4 வினாடி கழித்து எதிரொலி வந்தால், போக வர 6,000 மீட்டர், அதாவது எதிராளி 3 கிலோமீட்டரில் இருக்கிறான்.

தூரம் மட்டுமல்ல. எதிரொலியின் சுருதி கொஞ்சம் ஏறியிருந்தால் அவன் நம்மை நோக்கி வருகிறான், இறங்கியிருந்தால் விலகிப் போகிறான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்தச் சுருதி வித்தியாசத்தைப் பிடிக்கத் தேர்ந்த ஆட்கள் கப்பலில் இருந்தார்கள்.

நீர்மூழ்கிகள் கூடுமானவரை பிங் அனுப்புவதில்லை. பிங் அனுப்பினால் தான் இருக்கும் இடம் எதிரிக்கும் தெரிந்துவிடும். அவை பெரும்பாலும் சத்தமில்லாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போகும்.

கணினியில் ஓட்டும் பிங் யார் எழுதியது?

மைக் மூஸ் என்ற அமெரிக்கர், 1983 டிசம்பரில். மேரிலாண்டில் உள்ள ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். நெட்வொர்க் ஒன்று விநோதமாக நடந்துகொண்டது. எந்தப் பக்கம் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரே இரவில் சுமார் ஆயிரம் வரி எழுதி முடித்தார். கல்லூரி நாட்களில் சோனார், ரேடார் அமைப்புகளைக் கணினியில் மாதிரி செய்து பார்த்தவர் என்பதால், சோனாரின் சத்தத்தையே நிரலுக்குப் பெயராக வைத்தார். பெயர் அவ்வளவு பொருத்தம். ஒரு சின்னப் பொட்டலத்தை, அதாவது தரவுத் துண்டை, அனுப்புகிறோம், எதிர்க் கணினி அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது, போய் வந்த நேரத்தை அளக்கிறோம். இதற்கு அடிப்படையான, கணினிகள் நெட்வொர்க் நிலையைப் பற்றிச் செய்தி பரிமாறும் ஐசிஎம்பி விதிமுறை 1981இலேயே வந்துவிட்டது. அதில் கேள்விக்குப் பெயர் "எக்கோ ரிக்வெஸ்ட்", பதிலுக்குப் பெயர் "எக்கோ ரிப்ளை". எதிரொலி என்ற சொல் விதிமுறையிலேயே உட்கார்ந்திருந்தது, மூஸ் அதற்குச் சத்தம் கொடுத்தார்.

2000 நவம்பரில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார். உலகத்தில் நெட்வொர்க்கைத் தொடுகிற ஒவ்வொருவரும் தினம் பயன்படுத்துகிற நிரல் அவருடையது. அவர் பெயர் இன்னும் பலருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் எழுதி வைத்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நெட்வொர்க் நிர்வாகிக்கு விட்டுவிட்டு அறுந்துபோகும் ஒரு கேபிள் தொல்லை. பதில் வரும்போதெல்லாம் கணினி வாய்விட்டு "பிங்" என்று கத்தும்படி செய்து, ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்துவிட்டு, கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வோர் இணைப்பாக ஆட்டிப் பார்த்தாராம். கத்தல் நின்ற இடத்தில் கோளாறு.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு கிளை அலுவலகத்தில் வாரக்கணக்காக இணைப்பு போய்ப் போய் வந்தது. லினக்ஸில் பிங்கோடு "-a" (சிறிய எழுத்து) என்ற விருப்பத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பீப் வரும். மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு கேபிள் ரேக்குக்குப் போனேன். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டேன், பீப் நிற்கவில்லை. சலித்துப்போய் ரேக் கதவைச் சாத்தினேன், நின்றுவிட்டது. திறந்தேன், வந்தது. ஒரு கேபிள் முனையில் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, கதவு இடிக்கும்போதெல்லாம் முனை மயிரிழை வெளியே வந்திருக்கிறது. பத்து ரூபாய் பெறாத கொக்கி.

பிங் என்பது ஒரு சுருக்கப்பெயர் என்கிறார்களே?

"பாக்கெட் இன்டர்நெட் க்ரோப்பர்" என்பதன் சுருக்கம் என்று பாடப்புத்தகங்களிலும் நேர்முகத் தேர்வுகளிலும் வரும். அது பின்னால் ஒட்டவைத்த விரிவு. இணைய முன்னோடிகளில் ஒருவரான டேவிட் மில்ஸ் சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்று மூஸே குறிப்பிட்டு, தன்னைப் பொறுத்தவரை இது சுருக்கமல்ல, சோனாரை வைத்துச் சொன்ன உவமை என்றும் எழுதிவிட்டார். தேர்வில் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

பிங் ஓட்டினால் வரும் வரிகளை எப்படிப் படிப்பது?

விண்டோஸில் 32 பைட் அளவில் நான்கு பொட்டலம் போகும், அப்புறம் தானாக நின்றுவிடும். லினக்ஸில் நீங்கள் நிறுத்தும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியிலும் இரண்டைப் பாருங்கள்.

முதலாவது "டைம்". போய் வர எத்தனை மில்லிவினாடி என்பது. 1,000 மில்லிவினாடி சேர்ந்தால் ஒரு வினாடி. ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். 30, 31, 30, 32 என்று வந்தால் இணைப்பு ஆரோக்கியம். 30, 180, 45, 400 என்று தாவினால் சராசரி எப்படி இருந்தாலும் வீடியோ கால் திக்கித் திணறும்.

இரண்டாவது "டிடிஎல்". பொட்டலம் வழி தெரியாமல் காலம் முழுக்கச் சுற்றாமல் இருக்க அதற்கு ஓர் ஆயுள் எண் கொடுத்து அனுப்புவார்கள். வழியில் பொட்டலத்தை அடுத்த இடத்துக்குக் கடத்திவிடும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிடும். லினக்ஸ் கணினிகள் வழக்கமாக 64இல் தொடங்கும், விண்டோஸ் 128இல். பதிலில் 54 என்று வந்தால், அநேகமாக 64இல் கிளம்பிப் பத்து ரவுட்டர்களைத் தாண்டி வந்திருக்கிறது.

கேம் ஆடும்போது "பிங் அதிகமா இருக்கு" என்கிறார்களே, அது?

அதே மில்லிவினாடிதான். நீங்கள் சுட்டதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக வரக் கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் குறைந்தது 1 மில்லிவினாடி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். ஆக, சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் 29க்குக் கீழே எந்த இணைப்பாலும் இறக்க முடியாது. "எங்க பிளான் எடுத்தா பிங் அஞ்சுதான் வரும்" என்று யாராவது விற்க வந்தால், எந்த ஊர் சர்வருக்கு என்று கேளுங்கள்.

வேகம் வேறு, பிங் வேறு. குழாயின் அகலம் வேகம், குழாயின் நீளம் பிங். 300 எம்பிபிஎஸ் இணைப்பிலும் பிங் மோசமாக இருக்கலாம்.

பிங்குக்குப் பதில் வரவில்லை. எதிர்க் கணினி செத்துவிட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நிறைய சர்வர்கள் பாதுகாப்புக்காக பிங்குக்குப் பதில் சொல்லாதபடி ஃபயர்வால் என்ற தடுப்பில் அடைக்கப்பட்டிருக்கும். அளவுக்கு மீறிய பெரிய பொட்டலத்தை அனுப்பிக் கணினியையே விழவைக்கும் "பிங் ஆஃப் டெத்" தாக்குதல் 1990களின் நடுவில் பரவியதிலிருந்து பலர் உஷாராகிவிட்டார்கள். இணையதளம் திறக்கிறது, பிங் மட்டும் வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள்.

"ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் மௌனம், யாரும் பதில் சொல்லவில்லை. "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால் பதில் வந்திருக்கிறது, அங்கே போக முடியவில்லை என்று உங்கள் கணினியோ வழியில் ஒரு ரவுட்டரோ சொல்கிறது. கதவைத் தட்டி யாரும் திறக்காததும், வழி இல்லை என்று தெருமுனையிலேயே ஒருவர் சொல்லித் திருப்பி அனுப்புவதும் வேறு வேறு.

பிங்-பாங் எப்படி வந்தது?

1900ஐ ஒட்டி இங்கிலாந்தில் வீட்டு மேசையில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து செல்லுலாய்டு பந்து வந்தது. அன்றைய மட்டை, தோல் இழுத்துக் கட்டிய சின்னப் பறை மாதிரி. மட்டையில் ஒரு சத்தம், மேசையில் ஒரு சத்தம். ஜாக்வஸ் என்ற நிறுவனம் பிங்-பாங் என்ற பெயரைத் தன் வணிகப் பெயராக்கிக்கொண்டது, அமெரிக்க உரிமை பார்க்கர் பிரதர்ஸ் கைக்குப் போனது. பெயர் ஒருவர் சொத்தாகிவிட்டதால் மற்றவர்கள் டேபிள் டென்னிஸ் என்றார்கள். 1926இல் சர்வதேச சம்மேளனம் அமைந்தபோதும் அந்தப் பெயரே நிலைத்தது. காமன்வெல்த் ஒற்றையரில் 2006இலும் 2022இலும் தங்கம் வென்ற நம் சென்னையின் சரத் கமலைப் பிங்-பாங் வீரர் என்று எந்தச் செய்தித்தாளும் எழுதாததற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சீனர்கள் பிங்பாங் என்றே வைத்துக்கொண்டார்கள். அதை எழுதுகிற விதம் அழகு. படைவீரனைக் குறிக்கும் எழுத்தின் அடியில் இரண்டு கால் உண்டு. ஒரு காலை எடுத்துவிட்டால் "பிங்", அதை வைத்து மற்றக் காலை எடுத்தால் "பாங்". 1971 ஏப்ரலில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் சீனா போனதும், மறு ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் போனதும் "பிங்-பாங் ராஜதந்திரம்" என்று வரலாற்றில் பதிந்துவிட்டது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா இரண்டு அவைகளுக்கும் நடுவே மாறி மாறிப் போனால் அதையும் பிங்-பாங் என்பார்கள். இதற்கு நம்மிடம் "பந்தாடுவது" இருக்கிறது. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தவருக்குத் தெரியும், எது அழுத்தமான சொல் என்று.

காணாமல்போன விமானத்தின் செய்திகளில் பிங் என்று வந்ததே?

மலேசியாவின் எம்எச்370 விமானம் 2014 மார்ச் 8 அன்று மறைந்தபோது செய்திகளில் இரண்டு பிங் அடிபட்டன, பலர் குழம்பினார்கள். ஒன்று, கறுப்புப் பெட்டியோடு இருக்கும் கருவி தண்ணீருக்குள் வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஒலி. அது 37.5 கிலோஹெர்ட்ஸ், நம் காது சுமார் 20க்கு மேல் கேட்காது. மின்கலம் சுமார் 30 நாள் தாங்கும்படி இருந்தது, பின்னர் 90 நாள் என்று விதி மாறியது. இன்னொன்று, செயற்கைக்கோளும் விமானமும் "இருக்கிறாயா", "இருக்கிறேன்" என்று பரிமாறிக்கொண்ட ரேடியோ சமிக்ஞை. பதில் வர ஆன நேரத்தை வைத்து, விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்கிட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் வரைபடத்தில் வரைந்த அந்த வளைகோடுகள் இப்படி வந்தவை. பின்னர் கடலடித் தேடல் கடைசி வளைகோட்டை ஒட்டியே நடந்தது.

வேறு எங்கெல்லாம் இந்தச் சொல் வரும்?

பெட்ரோல் இன்ஜின் மேடு ஏறும்போது கிண்கிண் என்று தட்டுவதை அமெரிக்காவில் பிங் என்பார்கள், நம் மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்பார்கள். பிரிட்டனில் மைக்ரோவேவ் அடுப்பு முடித்ததும் அடிப்பது பிங். ரக்பி நடுவர் தவறுக்குத் தண்டித்தால் "பிங் பண்ணிட்டார்". கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் செய்த கோல்ஃப் மட்டை பந்தில் பட்டதும் எழுப்பிய ஒலியால் நிறுவனத்துக்கே பிங் என்று பெயர் வைத்தார். 2021 ஜூலையில் பிரிட்டனின் கோவிட் செயலி ஒரே வாரத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனித்திருக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்ப, பத்திரிகைகள் அதைப் "பிங்டெமிக்" என்றன. மீன்வலையில் கட்டி, கடல்பன்றிகள் சிக்காமல் விலகிப் போக ஒலியெழுப்பும் கருவிக்குப் பெயர் பிங்கர்.

ஒருவரைப் "பிங் பண்ணு" என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

சின்னதாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும். போன் அடிப்பதும் நீளமான மின்னஞ்சலும் பிங்கில் சேராது. கூப்பிடுவதைவிட மெலிது, ஆனால் பதிலை எதிர்பார்ப்பது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். வேலையை நிறுத்திவிட்டு நாமும் "சொல்லுங்க" என்று போட வேண்டும், அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "வணக்கம் சார், மூன்றாம் மாடி பிரிண்டர் காலையிலிருந்து எடுக்கவில்லை, முடிந்தபோது பாருங்கள்" என்று ஒரே செய்தியாக அனுப்பினால் பார்ப்பவருக்கும் நேரம் மிச்சம், அனுப்புபவருக்கும் பதில் சீக்கிரம் வரும். மூத்தவர்களிடம் "பிங் பண்றேன்" என்று சொல்வது சில இடங்களில் துடுக்காகத் தெரியும். "மெசேஜ் பண்றேன் சார்" என்று சொல்லிவிடுவது நல்லது.

தமிழில் எழுதும்போது குழப்பம் வராதா?

பேச்சில் வராது, எழுத்தில் வரும். நிறத்தைக் குறிக்கும் பிங்க் ஒரு "க்" சேர்ந்தது, அதை விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியும் "பிங்" என்றே எழுதப்படுகிறது, அதற்கு "தேடுபொறி" என்று கூடவே எழுதிவிடலாம். சொல்லின் முதலில் வரும் "ப" வல்லோசை பெறுவது தமிழ் வழக்கு என்பதால், துணைச்சொல் எதுவும் இல்லாத வெறும் "பிங்" நாம் பேசிக்கொண்டிருக்கும் பிங்தான்.

ஆங்கிலம் சத்தத்தை அப்படியே வினையாக்கிவிடும், தமிழ் அதற்கு ஒரு துணைவினை கேட்கும். அதனால் "பிங் செய்தேன்", "பிங் பண்ணினேன்", "பிங் அனுப்பினேன்". "பிங்கினேன்" என்று ஓர் இளைஞர் எழுதியதைப் பார்த்தேன். இலக்கணப்படி தப்பில்லை. இன்னும் பத்துப் பேர் எழுதினால் நானும் எழுதுவேன்.